பதிலி மொட்டை

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நம்பப்படுகிறது. மிகுந்த பொறுப்போடும் ஓரளவு வருத்தத்தோடும் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. தோலுக்கு மேலே தெரிகிற முடி உயிரற்றது. அதை வெட்டிய செய்தி வேருக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது, அவ்வளவுதான். கத்தி பட்டு ஒரு வாரம்கூட ஆகாத என் தலையை நானே தடவிப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். சொல்வது எனக்குள்ளேதான். வாயைத் திறந்தால் கேட்க ஆள் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், வரிசையாகத் திருகிப் பொருத்திய இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் தாராபுரத்துக்காரர் ஒருவர், உள்ளே மனைவிக்குக் கண்புரை. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எத்தனையாவது ஊசிங்க தம்பி?" என்றார். "எனக்கில்லைங்க. உள்ளே இருக்கிற குழந்தைக்கு." "ஆமாமா" என்று ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். "எங்க சம்பந்தியும் மொதல்ல அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இப்பெல்லாம் நல்ல மருந்து வந்திருச்சு." நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர் கண்ணில் இரக்கம் கூடியது. உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஒருவனைப் பொய்யனாக்கிவிட முடியும் என்பதை இந்தச் சில நாட்களில் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மருந்துக்கடையில் வரிசையில் முன்னால் போகச் சொல்கிறார்கள். நேற்று ஒரு அம்மாள் என் கையில் விபூதிப் பொட்டலத்தை வைத்து அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

உள்ளே இருப்பவள் கனிஷ்கா, என் அக்கா சுகந்தியின் மகள், வயது மூன்று. பெயர் வைத்த அன்றைக்கே சொன்னேன், கனிஷ்கர் குஷான மன்னர், தாடி வைத்த ஆண்பிள்ளை, தலையில்லாத சிலைகூட இருக்கிறது என்று. கூட்டுத்தொகை ஐந்து வருகிறது என்றார் பூபதி மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர். ஐந்து வந்தால் மன்னரும் பெண்ணாவார் போலிருக்கிறது. சரி, அது இப்போது எதற்கு. வலது கண்ணின் உள்ளே, பின்சுவரில், விழித்திரையில் கட்டி. புற்று. இந்தச் சொல்லை நான் தயங்காமல் நினைத்துவிடுகிறேன், அடுத்த சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறேன். அடுத்த சொல் 'எடுப்பது'. கண்ணை எடுத்துவிடலாம் என்று முதல் நாளே ஒரு வழி இருந்தது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, பஸ்ஸில் மறந்து வைத்த பையைப் பற்றிச் சொல்கிறார்களோ என்பதுபோல் டாக்டரைப் பார்த்தாள். இன்னொரு வழியும் இருந்தது. நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு பொத்தான் வைத்து அதன் வழியாக மருந்து ஏற்றுவது, கட்டியைச் சுருக்குவது, சுருங்கியதை லேசரால் சுடுவது, கண்ணைக் காப்பாற்றப் பார்ப்பது. டாக்டர் வசுமதி விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: "முதல்ல உயிர். அடுத்தது கண்ணு. மூணாவதுதான் பார்வை. இந்த வரிசை மாறாது." எனக்கு வரிசைகள் பிடிக்கும். பிழைப்பே அதுதான், குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம் ஒன்றில் துணை ஆசிரியர் வேலை, அகர வரிசை என்னைக் கேட்காமல் அசையாது. ஆனால் இந்த வரிசையை இரவெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பார்வை, கண், உயிர். கண், உயிர், பார்வை. எப்படிப் போட்டாலும் ஒன்று விளிம்பில் நிற்கிறது. ஆறு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. இன்றைக்கு மயக்கம் கொடுத்து உள்ளே பார்க்கிறார்கள், ஏனென்றால் மூன்று வயதுக் குழந்தையிடம் ஆடாமல் மேலே பார் கீழே பார் என்று சொல்லிப் பயனில்லை. கட்டி செத்திருந்தால் கண் இருக்கும். உயிரோடு இருந்தால் கண்ணை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். எட்டு வரியில் எழுதிவிடலாம், படம் போட இடம்கூட மிஞ்சும்.

'கண்' கட்டுரையை எழுதியவன் நான்தான். நானூறு சொல். விழிவெண்படலம், பாவை, லென்ஸ், கீழே நோய்கள் என்று மூன்று. இந்த நோய் அதில் இல்லை, குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் குழந்தைகளுக்கு வருகிற புற்றைப் போட வேண்டாம் என்று முதன்மை ஆசிரியர் சொல்வார் என்று நினைத்தேன், அவர் அதைப் படிக்கவே இல்லை, அடுத்த பக்கத்து 'கண்டாமிருகம்' படம் தலைகீழாக அச்சானதில் அவருக்கு நேரமில்லாமல் போனது. காண்டாமிருகம் என்பதுதான் சரி. கண்டாமிருகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கழுத்து வலிக்கும், இப்போது நானே சொல்கிறேன், பார், பயத்தில் அகர வரிசையே ஆட்டம் காண்கிறது. காண்டாமிருகமென்றால் அது அடுத்த பக்கத்தில் வரவே வராது. அப்படியானால் தலைகீழாக அச்சானது எது? கண்ணாடிவிரியன். ஆமாம், கண்ணாடிவிரியன். பாம்பைத் தலைகீழாகப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டதும் நினைவு வருகிறது. ஏசி காற்று நேராக உச்சந்தலையில் விழுகிறது. தலைக்கென்று தனியாக ஒரு தட்பவெப்பம் உண்டு என்பது நாற்பத்தொரு வருடம் முடியோடு இருந்த எனக்குத் தெரியவில்லை. நெற்றியில் வெயில், பிடரியில் பனி, காதுக்கு மேலே லேசான தூறல். பக்கத்து ஆள் தன் துண்டை எடுத்து நீட்டுகிறார். "போத்திக்குங்க தம்பி, இந்த மருந்து போட்டவங்களுக்குக் குளுரு ஆகாது." வாங்கிப் போர்த்திக்கொண்டேன். வாதாடுவதைவிட இதமாக இருந்தது.

இந்த மொட்டையைப் பற்றியும் ஒரு தவறான கருத்து உலவுகிறது. குழந்தைக்கு முடி கொட்டியதைப் பார்த்துத் துணைக்கு நானும் மொட்டையடித்துக்கொண்டேன் என்று அலுவலகத்தில் ஒருத்தர் என் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, கீழே கைகூப்பும் படம் வரிசையாக வைத்திருந்தார். தவறு. இது துணை மொட்டை இல்லை. பதிலி மொட்டை. நடந்தது என்னவென்றால், பூபதி மச்சான் வீட்டுக் குலதெய்வம் செல்லாண்டியம்மனுக்கு முதல் முடி கொடுக்க வேண்டும். ஒரு வயதில் கொடுத்திருக்க வேண்டியது, அப்போது பங்காளி வீட்டில் தீட்டு. ரெட்டைப்படை வயதில் ஆகாது என்பதால் ரெண்டு வயதை விட்டுவிட்டார்கள். மூன்றில் செய்யலாம் என்று தேதி குறித்து, பந்தலுக்கும் சொல்லி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி எடுக்க வேண்டும் என்பதால் எனக்குப் பட்டு வேட்டியும் எடுத்து வைத்தார்கள். அதற்குள் மருந்து ஆரம்பித்தது. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அந்த மருந்து தேடிப் போய் அடிக்கும். கட்டியும் வேகமாகப் பிரிவது, முடியின் வேரும் வேகமாகப் பிரிவது. மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தலையணையெல்லாம் முடி. அக்கா வாயில் புடவையை வைத்துக்கொண்டு நின்றாள். மச்சானோ ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி, நெய் டப்பாவில் போட்டு மூடினார். "எதுக்கு மச்சான்?" என்றேன். "சாமிக்குச் சேர வேண்டியது மாப்ள. நாளைக்கு நம்ம மேல குத்தம் வரக்கூடாது பாரு." குழந்தை வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிற வீட்டில் ஒருவர் டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் முடி பொறுக்குவதைக் கேலி செய்யலாம். செய்தேன். பிறகு நானும் குனிந்து ரெண்டு இழை எடுத்துக் கொடுத்தேன். கையில் ஒன்றுமே இல்லாதபோது பொறுக்க ஏதாவது கிடைத்தால் மனிதன் பொறுக்குவான்.

டப்பாவோடு கோவிலுக்குப் போனோம். பூசாரி திறந்து பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "கத்தி படாத முடி செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தானாக உதிர்ந்ததை அம்மன் காணிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டாள். மச்சானின் அண்ணன் வேலுச்சாமி பெரியப்பா எகிறினார்: "உதுந்ததுக்கு நாங்க என்னங்க பண்ணறது? மறுபடி மொளைக்கட்டும், எடுத்துக்கறோம்." "மொளைச்சா அது ரெண்டாவது முடிங்க. வேண்டுனது மொத முடி." சட்டம் தெரிந்த ஆள். நான்கு பேர் அரை நாள் வாதாடினார்கள். கடைசியில் பூசாரியே வழி சொன்னார்: தாய்மாமன் மடியிலிருந்து இறங்க வேண்டியது, மாமன் தலையிலிருந்து இறங்கினாலும் கணக்கில் சேரும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, முடிக்கும் விழித்திரைக்கும் உறவு எதுவுமில்லை, இதற்கும் மருந்துக்கும் தொடர்பு எதுவுமில்லை, பதிலி முறை எந்தக் கோவிலொழுகிலும், அதாவது கோவில் வழக்கங்களை எழுதி வைத்த எந்த ஏட்டிலும், இருப்பதாக நான் படித்ததில்லை என்று தெளிவாக எடுத்துச் சொன்னேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப வெள்ளிக்கெழம வெச்சுக்கலாமா மாப்ள?" என்றார். வெள்ளிக்கிழமை பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்தேன். மடியில் ஏற்கெனவே மொட்டையாக இருந்த கனிஷ்கா. நாவிதர் வழக்கப்படி மடியில் இருந்த தலையில் தண்ணீரைத் தெளித்து, கத்தியை எடுத்து, சற்று யோசித்து, மேலே இருந்த தலைக்கு வந்தார். முடி விழ விழ அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். முடிந்ததும் ரெண்டு கையாலும் என் மண்டையைப் பிடித்து, ஊர் முழுக்கக் கேட்கிற குரலில், "மாமாவும் ஊசி போட்டுட்டான்" என்றாள். அவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம். ஆக, அவளும் தாராபுரத்துக்காரரும் ஒரே கட்சி.

ஏன் சம்மதித்தேன். இதை எழுதும்போதுகூட, எழுதவில்லை, நினைக்கும்போதுகூட நேராக வர மாட்டேன் என்கிறது. பூசாரியின் வாதத்தில் ஒருவிதமான ஒழுங்கு இருந்தது என்பது ஒரு காரணம். அது பொய்க் காரணம். எதிரே, தியேட்டர் கதவுக்கு நேராக, அக்கா உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அவள் மடியில் கனிஷ்காவின் ஒற்றைச் செருப்பு. இன்னொன்று ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போய்விட்டது. நான் மறுத்திருந்து, இன்றைக்கு டாக்டர் வந்து எடுத்துவிட வேண்டும் என்று சொன்னால், அவள் அழுவாள், பிறகு ஒரு நாள் அழுது முடிப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். திட்ட மாட்டாள். முடியோடு இருக்கிற என் தலையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு எதிராக எந்தக் கலைக்களஞ்சியத்திலும் எனக்கு மேற்கோள் கிடைக்காது. அதனால் கொடுத்தேன். அம்மனுக்குக் கொடுத்ததாகப் பூசாரி நினைத்துக்கொள்ளட்டும். இதையும் மனசு அப்படியே விட்டுவிடாமல், சரி, முடி கொடுத்துவிட்டாய், அதனால் கண் இருக்கும் என்று இப்போது எதிர்பார்க்கிறாயா இல்லையா என்று கேட்கிறது. இல்லை. நிச்சயமாக இல்லை. கொஞ்சம்.

எங்கள் பக்கம் குழந்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "வா கண்ணு", "சாப்பிடு கண்ணு" என்பார்கள், நாற்பது வயது ஆளைக்கூட அப்படித்தான். நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அந்தச் சொல் நின்றுவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தங்கம் என்றார்கள், சாமி என்றார்கள், பெரியப்பா குழம்பிப்போய் ஒரு முறை "வாங்க மேடம்" என்றார். பால்காரருக்கு மட்டும் விஷயம் தெரியாது. அவர் காலையில் வாசலில் நின்று "கண்ணு, சொம்பு எடுத்துட்டு வா" என்பார், வீடே ஒரு கணம் நின்று பிறகு நடக்கும். முதலில் கண்டுபிடித்தது அக்காதான். மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது வலது கண் பூனைக்கண் மாதிரி மின்னியது. பூனைக்கண் அதிர்ஷ்டம் என்றார்கள் பக்கத்து வீட்டில். அக்கா கேட்கவில்லை. அவள் பிளஸ் டூ உயிரியலில் ஃபெயில். எங்கள் வீட்டில் உயிரியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன் யார் என்பது இங்கே தேவையில்லாத தகவல்.

கதவு திறக்கிறது. அக்கா எழுந்துவிட்டாள். நர்ஸ் தலையை நீட்டி, "பழனாத்தாள் அட்டெண்டர் யாருங்க?" என்கிறாள். தாராபுரத்துக்காரர் எழுந்து போகிறார், போகும்போது என் தோளைத் தட்டி, "துண்ட நீங்களே வெச்சுக்குங்க" என்கிறார். அக்கா உட்காரவில்லை, பாதி எழுந்த நிலையிலேயே நிற்கிறாள், அது ஒரு மனிதர் நிற்கக்கூடிய நிலையே அல்ல. மச்சான் படிக்கட்டில் ஃபோனில் பெரியப்பாவிடம், "இன்னும் ஒண்ணும் சொல்லல, சொன்னா சொல்றேன், சொல்லாம எப்படிச் சொல்றது" என்கிறார். செயற்கைக் கண்ணைப் பற்றி நான் எல்லாமே படித்து வைத்திருக்கிறேன். அது கோலி மாதிரி உருண்டை இல்லை, கிண்ணத்தின் ஓடு மாதிரி வளைந்தது, மற்றக் கண்ணைப் பார்த்துக் கையால் வண்ணம் தீட்டுவார்கள், ரத்த நாளங்களைக்கூட மெல்லிய சிவப்பில் வரைவார்கள், நன்றாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்கள், செய்வார்கள், செய்யட்டும், அவள் திருப்பிக் கடிப்பாள், கடிக்கிற குழந்தைதான், உயிர்தான் முதலில், வரிசையில் அதுதான் முதலில், அது இருக்கிறது, இருக்கும், இருக்கும் என்பது எதிர்காலமா, டாக்டர்.

டாக்டர் வசுமதி. தொப்பியோடு நிற்கிறார். அக்காவைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, என் தலைக்கு வந்து ஒரு நொடி தயங்கி, "சார் நீங்க..?" "தாய்மாமன்" என்றேன், துண்டை எடுத்துவிட்டு. "ஓ" என்று ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டினார். பிறகு சொன்னார். கட்டி சுருங்கி வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டிவிட்டது, அதாவது செத்துவிட்டது. ஓரத்தில் ஒரு சின்ன இடத்தை லேசரால் சுட்டிருக்கிறார்கள். "இப்போதைக்குக் கண்ணு இருக்கட்டும். மாசாமாசம் வந்து காட்டணும், அதுல ஒரு தடவகூட விடக்கூடாது. பார்வையும் கொஞ்சம் வரும்னுதான் நினைக்கிறேன்." அக்கா அந்தச் செருப்பை மார்போடு வைத்துக்கொண்டு, "இருக்கட்டுமா மேடம்? இருக்கட்டும்னா சொன்னீங்க?" என்று மூன்று முறை கேட்டாள். மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் ஏதாவது பொருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "கனிஷ்கர் வந்து ஆம்பளைங்க மேடம். குஷான மன்னர்" என்றேன். டாக்டர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "சார், நீங்க முதல்ல கேண்டீன்ல போய் ஏதாவது சாப்பிடுங்க." பிறகு மச்சானிடம், "இன்னொண்ணு. தினமும் ரெண்டு மணி நேரம் இடது கண்ண மூடி வைக்கணும்" என்றார். மச்சான் திடுக்கிட்டுத் திரும்பினார். "இடது நல்ல கண்ணுங்களே மேடம்?" "அதனாலதான் மூடறது. நல்ல கண்ணே எல்லா வேலையும் பார்த்துட்டிருந்தா, இது சும்மா உக்காந்துக்கும். வேலை குடுத்தாத்தான் கத்துக்கும்." ஃபோன் இன்னும் துண்டிக்கப்படாமல் மச்சான் கையில் இருந்தது. அதிலிருந்து வேலுச்சாமி பெரியப்பா, "நல்ல கண்ண மூடச் சொல்றாளா? யாரு அவ? படிச்சவதானா கேளு!" என்று கத்தினார். டாக்டர் ஃபோன் பக்கம் குனிந்து, "படிச்சிருக்கேங்க" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. விளக்கிச் சொல்ல ஆளில்லை.

மதியத்துக்கு மேல் கனிஷ்கா விழித்து, கடித்து, பால் குடித்து, தெளிந்தாள். நர்ஸ் ஒருத்தி இடது கண்ணில் ஒட்டும் பட்டையைப் போட்டுக் காட்டினாள், நடுவில் கரடி படம். "இந்தக் கண்ணு தூங்கட்டும், அந்தக் கண்ணு வேலை செய்யட்டும், சரியா?" என்று சொல்லிக் கொடுத்தாள். கனிஷ்கா ஆழ்ந்து யோசித்துச் சரி என்றாள். மீதிப் பட்டைகள் இருந்த பாக்கெட்டை அவளே வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். வண்டி நிறுத்துமிடத்தில் நாங்கள் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாடகைக் காரின் முன்னால் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். ஊருக்குத் திரும்பும் வழியில், கிணத்துக்கடவு தாண்டி ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களை ஓரம் கட்டச் சொன்னார். டிரைவரை இறங்க வைத்து, முன்னால் அழைத்துப் போய், இடது முகப்பு விளக்கில் எதற்கு இத்தனை கரடி என்று கேட்டார்.